எவருடைய தூண்டுதலும் இன்றி

காலை ஒன்பதரைக்கு, திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு ஏசி கடையில், நாச்சிமுத்து தன் கண்களுக்குப் புது ஓ.எஸ். வாங்கினார். ஒன்பது நாற்பதுக்கு அவருக்குப் பார்வை போயிற்று. இரண்டும் சட்டப்படி நடந்தவை என்பதில் கடைக்காரருக்கு அலாதியான திருப்தி.

"பதறாதீங்க சார். கண்ணு ஜம்முனு இருக்குது. உள்ள பிரவுசர்தான் இல்ல."

"காசு குடுத்து வாங்கினனே, அதுல வராதா?"

"முன்னெல்லாம் வந்துச்சு. இப்ப நாங்களே ஒண்ணைப் போட்டுக் குடுத்தா கடைக்குச் சீல் வெச்சிருவாங்க. உங்க கண்ணுல இருக்கிற சில்லு வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியா உள்ள வாங்கும், அவ்வளவுதான் அதோட வேலை. அந்தப் புள்ளியை இது முகம், இது துணி, இது டவுன் பஸ்ஸுன்னு விரிச்சுக் காட்டறது பிரவுசர். எந்தப் பிரவுசர்ல உலகத்தைப் பாக்கணும்னு நீங்களே சுதந்திரமாத் தேர்ந்தெடுக்கணும். ஆணையத்து ஆபீஸ்ல போயி."

"கண்ணே தெரியாம எப்படிங்க பாத்துத் தேர்ந்தெடுக்கறது?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற மனைவி வசந்தாமணி.

"அதைத்தாங்க எல்லாரும் கேக்கறாங்க," என்றார் கடைக்காரர், பதில் சொல்லி முடித்துவிட்டவர் போல.

பழைய ஓ.எஸ்.ஸுக்கு ஆயுசு முடிகிறது என்று கம்பெனி மூன்று மாதமாக நாச்சிமுத்துவின் பார்வையில் இடது மூலையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. சோறு தின்றால் குழம்புக்கு மேல் தெரியும். தூங்கப் போனால் மூடிய இமைக்குள் தெரியும். மனிதருக்கு இவ்வளவு முன்கூட்டியே சாவு அறிவிப்பு வருவதில்லை.

"அப்பப் பழைய பிரவுசரையே போட்டுக்கறேன்," என்றார் அவர்.

"அதுக்குப் பேரு?"

பதினோரு வருடமாக அவர் அதை என்ர கண்ணு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்குப் புதிய செய்தி.

"உங்க ரெக்கார்டுல இருக்குமில்ல?"

"இருக்கும். சொல்லக் கூடாது. முன்பழக்கச் சாய்வுன்னு கேஸ் போட்டுருவாங்க."

பெயர் வசந்தாமணிக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பு ஏணி போட்டு அட்டாலியில் ஏறி, பழைய டப்பாவைத் தேடி எடுத்து, பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருந்தாள். இதம். மூன்றே எழுத்து. கீழே இறங்கி வந்து, "ஏனுங்க, பேரு கெடைச்சிருச்சு" என்றதும் மனிதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆணையத்தின் விண்ணப்பத்தில் (அங்கே பிரவுசருக்கு உலாவி என்று பெயர்) ஒரு உறுதிமொழி இருந்தது: கடந்த முப்பது நாட்களில் எவரும் எனக்கு எந்த உலாவியையும் பரிந்துரைக்கவில்லை.

"சத்தியம் பண்ணணும், வசந்தா. பொய்ச் சத்தியத்துக்கு நான் ஆளில்ல. கண்ணுல விழுந்தா எனக்கே தெரிஞ்சுட்டுப் போகுது."

இந்தக் கண்ணைப் பற்றி நாச்சிமுத்து பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் உட்கார இடம் தேடிக்கொள்வது நல்லது. அவர் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவர். சாயம் ஏற்றிய துணி, வாங்கும் வெளிநாட்டுப் பையர் கொடுத்த சாம்பிளோடு ஒத்துப்போகிறதா, எங்கும் திட்டு விழாமல் சீராக இருக்கிறதா என்று பார்த்து, அவர் தலையை ஆட்டினால்தான் கப்பல் ஏறும். குழாய் வெடித்து இரண்டு கண்ணும் வெந்துபோன பிறகும், செயற்கைக் கண்ணோடு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நிறம் அளக்கும் மெஷின் ஒன்றை முதலாளி வாங்கி மூலையில் வைத்திருந்தார். அதன் மேல் நாச்சிமுத்துவின் டிபன் கேரியர் இருக்கும்.

மூன்று வருடம் முன்பு ஒரு லாட்டுத் துணி திட்டுத் திட்டாக இருக்கிறதென்று பையர் திருப்பி அனுப்பினான். கப்பல் ஏற்றுவதற்கு முன்பே செக்கிங்கில் இருந்த சகாயமேரி, "அண்ணா, இதுல திட்டு இருக்குது" என்று சொல்லியிருந்தாள். அப்போது நாற்பது பேர் முன்னால் நாச்சிமுத்து அந்தத் துணியை விரித்துக் காட்டி, "கண்ணு இருக்கறவங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். கண் இருந்த நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். சகாயமேரி மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்த லாட்டிலிருந்து ஒரு முழம் கிழித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார் அவர். பார்ப்பவரிடமெல்லாம் எடுத்து நீட்டுவார். "சொல்லுங்க, இதுல எங்க இருக்குது திட்டு? வெள்ளைக்காரன் சொன்னா வேதமா?" பார்ப்பவர்கள் மரியாதைக்கு ஒன்றும் சொல்வதில்லை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதே பையர் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறான். நாச்சிமுத்துவுக்குப் பழைய கண் கிடைக்காவிட்டால், பதினோரு வருடம் பழகிய சிவப்பு வேறு சிவப்பாகத் தெரியும். டிபன் கேரியரை இறக்கிவிட்டு மெஷினைத் துடைப்பார்கள். அவருடைய கவலை அதுதான்.

வசந்தாமணியின் கவலை வேறு. ஆறு வருடம் முன்பு அவளுக்கு வாயோரத்தில் ஒரு வெண்திட்டு வந்தது. பிறகு இமையில். பிறகு கழுத்து, கை. டாக்டர், இது ஒட்டாது, உயிருக்கும் ஒன்றுமில்லை, வெயில் மட்டும் ஆகாது என்றார். கணவர் கேட்பார், சொல்லலாம் என்று முதல் மாதம் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணாலத்தன்னிக்கு இருந்த ஷேடு அப்படியே இருக்குது உனக்கு" என்றார். அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. அந்தக் கண்ணில் அது விழவே இல்லை. அவருடைய அக்காள்கூட ஒரு விசேஷத்தில், "ஏன்டா, வசந்தாவை டாக்டர்கிட்டக் காட்டினியா?" என்று கேட்டாள். "என்ர கண்ணுக்குத் தெரியாத ஷேடா?" என்று இவர் எகிறி, அக்காள் வீட்டுப் போக்குவரத்தே நின்றுபோனது.

தெருவில், பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில் எல்லோரும் அவளை இரண்டாவது முறை பார்த்தார்கள். வெளியே போகும்போது க்ரீம் தடவி மறைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால், திட்டே இல்லாத ஒரு வசந்தாமணி உலகத்தில் ஒரே ஒரு ஆளின் கண்ணில் இருந்தாள். அந்த வசந்தாமணியின் ஆயுசும் இன்றைக்கு ஒன்பது நாற்பதோடு முடிந்திருந்தது.

ஆணையத்தின் பெயர் உலாவித் தேர்வுச் சுதந்திர ஆணையம். வாசல் பலகையே இரண்டு ஜன்னல் அகலம். உள்ளே சுவர், மேஜை, நாற்காலி, திரை எல்லாம் சாம்பல் நிறம். எந்த நிறமும் மனிதனை எந்தப் பக்கமும் இழுத்துவிடக் கூடாதாம். காலண்டர் இல்லை. கடிகாரத்தைக்கூட, சில எண்களின் மேல் முள் அதிக நேரம் நிற்பதுபோலத் தோன்றுகிறது என்று ஒரு துணைக்குழு எடுத்துவிட்டது.

"சுவரெல்லாம் சாம்பலுங்க," என்று வசந்தாமணி காதில் சொன்னாள்.

"நம்ம லேப்பு மாதிரி. வெவரமான ஆளுகதான்," என்றார் நாச்சிமுத்து.

வாசலில் இருந்த பெண் ஊழியர் வசந்தாமணியை நிறுத்தினார். பார்வையற்றவருடன் துணைக்கு ஒருவர் வரலாம். ஆனால் துணைக்கு வருபவர் முகத்தில் பொட்டு, பவுடர், க்ரீம் எதுவும் இருக்கக் கூடாது. நிறத் தூண்டுதல். சேலைக்கு மேல் ஒரு சாம்பல் அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

"க்ரீம் இல்லாம என்னால…" என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க்கா. வாஷ்பேசின் அங்க இருக்கு."

கழுவினாள். கண்ணாடி இல்லாத வாஷ்பேசின். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஊழியர் இரண்டாவது முறை பார்த்தார்.

வசந்தாமணியிடம் ஒரு திட்டம் இருந்தது. பெயர்களைப் படிக்கும்போது இதம் வந்ததும் இருமிவிட வேண்டும். இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்திய மனிதருக்கு ஒரு இருமல் போதாதா?

தேர்வு நடுநிலை அலுவலர் குணாளன் கோவில்பட்டிக்காரர். பதினான்கு நாள் நடுநிலைக் குரல் பயிற்சி முடித்தவர். முகபாவம் யாரையும் பாதிக்காதபடி தலையிலிருந்து மார்பு வரை சாம்பல் முக்காடு போட்டிருந்தார். அதற்குள்ளிருந்து, இறங்கிக்கொண்டே இருக்கும் லிஃப்ட் மாதிரி ஒரு குரல் வந்தது.

"பன்னிரண்டு உலாவிகள். வரிசை குலுக்கலில் எடுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு மாற்ற இயலாது."

"ரெண்டு வருசமா? எதுக்குங்க சார்?"

"அடிக்கடி தேர்ந்தெடுத்தால் மக்களுக்குத் தேர்வுச் சோர்வு வருகிறது. சுதந்திரம் அலுத்துவிடாமல் ஆணையம் பாதுகாக்கிறது. படிக்கிறேன். ஒன்று, லூமா. இரண்டு, நேர்விழி. மூன்று, இதம்."

வசந்தாமணி இருமினாள்.

முக்காடு நின்றது. மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"தண்ணி குடி, வசந்தா," என்றார் நாச்சிமுத்து அக்கறையாக. "அட்டாலித் தூசி. ரெண்டு நாளா இருமிட்டுத்தான் இருக்கறா சார்."

அவள் இரண்டு நாளாக ஒருமுறைகூட இருமவில்லை. மனிதர் சொன்னது பொய்யில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியது. பொய்யே சொல்லாத ஆட்களோடு இதுதான் தொல்லை. ஜாடையும் ஏறாது.

"வரிசை களங்கப்பட்டுவிட்டது," என்றது குரல். "மறுபடி குலுக்கப்படும். துணைக்கு வந்தவரிடமிருந்து இன்னொரு ஓசை வந்தால் விண்ணப்பம் ரத்து. ஆறு மாதம் கழித்து மீண்டும் வரலாம்."

"ஆறு மாசம் கண்ணு தெரியாமலேவா?"

"அந்தச் சொல் படிவத்தில் இல்லை. தேர்வுக்கு முந்தைய நிலை என்று இருக்கிறது."

மறுபடி பன்னிரண்டு பெயர். வசந்தாமணி முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளப் பார்த்தாள். அங்கிக்கு முந்தானை இல்லை. இதம் ஐந்தாவதாக வந்து போனது. அவள் மூச்சுகூட விடவில்லை.

நாச்சிமுத்து நாற்காலியில் நெளிந்தார். "பேரை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது? எங்க வேலையில சாம்பிள் அடிச்சுப் பாக்காம ஒரு கிலோ நூலுக்குக்கூடச் சாயம் போட மாட்டமுங்க. சாம்பிள் காட்ட முடியாதா?"

முக்காட்டுக்குள் ஏதோ தளர்ந்தது. குரல் லிஃப்டிலிருந்து இறங்கி மனிதனாயிற்று. "யப்பா. நாலு மாசத்துல இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான். பதினாலாவது விதியில இருக்குல்லா. கேட்டா மட்டுந்தான் சொல்லணும். நானாச் சொன்னா தூண்டுதல்னு சம்பளத்தைப் பிடிச்சிருவாவ." பிறகு தொண்டையைச் செருமி மீண்டும் லிஃப்டுக்குள் போனார். "பன்னிரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று நிமிடம். நடுவில் நிறுத்த முடியாது. எல்லா உலாவிக்கும் சம வாய்ப்பு."

வசந்தாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. சாம்பல் சுவர், சாம்பல் மேஜை, முக்காடு போட்ட அலுவலர். இந்த அறையில் அவர் பார்ப்பதற்கென்று இருப்பது ஒரே முகம். கழுவிய முகம். எழுந்து போய்விடலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தாள். கால் தரையில் உரசினாலே ஓசை. ஆறு மாதம்.

"ஒன்று. லூமா."

நாச்சிமுத்து கண்ணைச் சிமிட்டினார். சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இது மோசமுங்க சார். திட்டுத் திட்டாக் காட்டுது."

"கருத்து கூற வேண்டாம்."

அவள் தலையைக் குனியவில்லை. குனிந்தால் சைகை என்பார்கள். நேராக, வெளிச்சத்தில், ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தவள் போல இருந்தாள்.

"இரண்டு. மின்மினி."

"இதும் மோசம். எவன் சார் பண்ணறான் இதையெல்லாம்? மனுசி மூஞ்சில சாயம் ஓடின மாதிரி…"

"கருத்து கூற வேண்டாம்."

மூன்றாவதில் அவர் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, வலப்பக்கமிருந்து ஒருமுறை, இடப்பக்கமிருந்து ஒருமுறை பார்த்தார். துணியை அப்படித்தான் பார்ப்பார். பட்டறையில் செக்கிங் பெண்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஷேடு பார்க்கும் பெட்டிக்குள் மூன்று விளக்கு இருக்கும், மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் மட்டும் குறை தெரிந்தால் விளக்கைக் கவனி. மூன்றிலும் தெரிந்தால் விளக்கைத் திட்டாதே, துணியைப் பார். வீட்டிலும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவர் மனதில் இப்போது அதுதான் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியாமலிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நான்கு. கதிர்."

அவர் கை பைக்குள் போயிற்று. அந்த ஒரு முழத் துணியை எடுத்து மேஜையில் விரித்தார். இரண்டு உள்ளங்கையாலும் சுருக்கம் நீவிவிட்டார். பார்த்தார். துணிக்கு மேல் விரலை வைத்து ஓரிடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் இன்னொரு வட்டம். பிறகு இன்னொன்று. மூன்று நிமிடமும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐந்து. இதம்."

துணியிலிருந்து தலை தூக்கினார். அவளைப் பார்த்தார். ஆறு வருடமாக அவளுக்குப் பழக்கமான அதே பார்வை, எங்கேயும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போகிற பார்வை. மறுபடி துணியைப் பார்த்தார். மறுபடி அவளை.

"இதுதான்," என்றார் மெல்ல. "சார், இதுதானுங்க என்ர கண்ணு."

வசந்தாமணி பிடித்திருந்த நாற்காலிக் கையை விட்டாள். கிடைத்துவிட்டது. நாளைக்கு வேலை இருக்கும். வீட்டுக்குப் போனதும் இவள் பழையபடி இவள்.

"பன்னிரண்டும் முடிந்த பிறகே தேர்வு," என்றது குரல்.

மீதி ஏழும் நடந்தன. நாச்சிமுத்து முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை துணியைத் தொட்டார், ஒருமுறை அவளைப் பார்த்தார். எட்டாவதோடு துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். எப்போதும் எல்லோருக்கும் தெரியும்படி மேலாக வைப்பவர், இன்று டிபன் டப்பாவுக்கு அடியில் தள்ளினார். பிறகு அவளை மட்டும் பார்த்தார். பார்க்கிறபோது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று அவள் தேடவில்லை. தேடினால் கண்டுபிடித்துவிடுவோமோ என்று அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டும் முடிந்ததும் பார்வையை மறுபடி அணைத்தார்கள். தேர்வு ரகசியமானது. சாம்பல் திரைக்குப் பின்னால் பன்னிரண்டு புடைப்புகள் உள்ள பலகை. தொட்டு எண்ணி ஒன்றை அழுத்த வேண்டும். அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். ஒருமுறை அலுவலர் நாற்காலியை நகர்த்தினார். ஒருமுறை செல்போன் அடித்தது. முதலாளியாக இருக்கும். அவர் எடுக்கவில்லை.

"யாராவது உங்களைத் தூண்டினார்களா?" என்று கேட்டது குரல், கடைசி சம்பிரதாயமாக.

"இல்லீங்."

"இந்த அறையில் ஏதேனும் உங்கள் முடிவைப் பாதித்ததா?"

அவர் தடவித் திரையை விலக்கினார்.

"இங்க என்னங்க இருக்குது," என்றார் நாச்சிமுத்து. "எல்லாம் சாம்பல்."

தேர்ந்தெடுத்ததைக் கண்ணில் ஏற்றிப் பார்வையைத் திறந்துவிட்டு, சான்றிதழை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். குணாளன் முக்காட்டைத் தூக்கி முகம் துடைத்துக்கொண்டு, "நல்லாப் பாத்துட்டுப் போங்கண்ணே" என்றார். ஆணையத்தின் கட்டடத்தில் அன்று முழுவதும் யாரேனும் சொன்ன ஒரே பாரபட்சமான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

வசந்தாமணி பாத்ரூமுக்குப் போய், க்ரீம் பூசிக்கொள்ளாமலே வந்துவிட்டாள். ஆட்டோவில் நேரே வீட்டுக்குத்தான், பக்கத்தில் இருக்கப்போவது பழைய கண்தானே.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டாள். "எதுங்க அமுக்கினீங்க?"

"பழசுதான். அஞ்சாம் நம்பர்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இருபத்தேழு வருடத்தில் அவர் சொன்ன பொய் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க சாம்பிள் இல்லை.

"நல்லதாப் போச்சு. நாளைக்கு அந்த ஆளு வந்தா நீங்க ஜோராப் பாத்துருவீங்க."

"ம்."

மறுபடி போன் அடித்தது. முதலாளிதான். நாச்சிமுத்து பார்த்துவிட்டு அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் முதலாளி கூப்பிட்டு இவர் எடுக்காமலிருந்தது, கண் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும்தான். புஷ்பா தியேட்டர் சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்தில் நின்ற பனியன் லோடு வண்டியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கமெண்ட் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"அம்மிணி."

"சொல்லுங்க."

"அந்தச் சகாயமேரி இப்ப எந்தக் கம்பெனியில இருக்குது?"

அவள் மடியில் உறை இருந்தது. ஓரம் ஒட்டாமல் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு விரலால் காகிதத்தை வெளியே இழுத்தாள். பெயர், வயது, பதிவு எண். தேர்ந்தெடுத்த உலாவி: நான்கு, கதிர். அதற்குக் கீழே முத்திரை. முத்திரைக்குக் கீழே தடித்த எழுத்தில் ஆணையத்தின் கையெழுத்தோடு ஒரு வரி: மேற்படி தேர்வு எவருடைய தூண்டுதலும் இன்றி முழுச் சுதந்திரத்துடன் செய்யப்பட்டது.

காகிதத்தை இருந்தபடியே உள்ளே தள்ளினாள்.

"பெரிச்சிபாளையத்துல செக்கிங்ல இருக்கறதாச் சொன்னாங்க," என்றாள். "வீடு எனக்குத் தெரியும்."

"போகணும்."

"போலாம்."

சிக்னல் விழுந்தது. ஆட்டோ வளைந்து மேற்கே திரும்பியதும் வெயில் சரிந்து அவள் பக்கம் உள்ளே வந்தது. நாச்சிமுத்து இன்னமும் அவளைப் பார்க்காமலே, பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கம்பியோரம் ஒதுங்கி இடம் விட்டார்.

"மூஞ்சில வெயிலடிக்குது பாரு," என்றார். "இக்கட்டால தள்ளி உக்காரு."